உதட்டில் கேட்கும் வெடி

— இன்னொரு தடவை சொல்லு. வாயை நல்லா விரிச்சு.

— டமார்.

— டமாரா, டமாலா?

— டமார். கடைசியில நாக்கு அதிருது பாருங்க. டமால்னா மேல ஒட்டி நின்னுரும்.

— அப்ப மருந்து சரி. மேஸ்திரிகிட்ட டமார்னே சொல்லிருதேன். அடுத்த பெட்டியில ஒரு வெடி எடு, வேலுத்தாயி.

— எம்புட்டு நாளைக்கு செல்லச்சாமியண்ணே இப்படி? வெடி சோதிக்கிற ஆளுக்கே காது போச்சுன்னு மேஸ்திரிக்குத் தெரியாமலா இருக்கும்?

— சத்தமாப் பேசாத.

— நான் சத்தமாப் பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— களுத்து நரம்பு பொடைக்குதுல்ல. அறுவத்திரெண்டாம் வருசம் மருந்து ஷெட்டு வெடிச்சுப் போனப்பவே எங்காதும் போச்சு. இன்னை வரைக்கும் ஒனக்கு மட்டுந்தான் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளிய.

— வெளிய போனா என்ன? வெம்பக்கோட்டையில உங்க தங்கச்சி இருக்காள்ல.

— இருக்கா. பொங்கலுக்குப் போனேன். வீடே சுத்தி உக்காந்து சிரிக்குது. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் சிரிச்சு வச்சேன். இங்கன நீயாவது எம் மூஞ்சியப் பாத்து நாலு சொல்லு சொல்ற.

— என்ன பெரிய சொல்லு. டமாரும் புஸ்ஸும்.

— அதுதான எனக்கு வெளங்குது. படார்னா ஒதடு ரெண்டும் ஒட்டிப் பட்டுனு பிரியுது, வெடியேதான். புஸ்ஸுன்னா ஒதடு குவிஞ்சு காத்து மட்டும் வருது. நமுத்த வெடியும் அதத்தான செய்யுது? மத்த சொல்லு அப்படி இல்ல. நல்லாருக்கியான்னு கேட்டாலும் நாசமாப்போன்னு சொன்னாலும் சொல்லுதான் தெரியும், வாய் அந்த மாதிரி இருக்காது.

— கோட்டி பிடிச்ச பேச்சு. நேத்து உங்க கையிலயே திரி சீறுச்சே, அதுக்கு என்ன சொல்லு?

— சுர்ர்ர்.

— சொல்லு நல்லா வருது. சத்தம் கேட்டுச்சா? எந்தத் திரி பத்திக்கிச்சுன்னு தெரியாம சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னீக. நான் தட்டி விடலன்னா இன்னைக்குக் கை இருக்காது.

— நீதான் தட்டி விட்டியே. நாளைக்கும் தட்டி விடு.

— நாளைக்கு நான் சரம் பின்னுற பக்கம் இருந்தா?

— இருக்க மாட்ட.

— நான் உங்களுக்கு அம்மாவா, பொண்டாட்டியா? எம்புட்டு நாளைக்கு உங்க கையவே பாத்துக்கிட்டு நிக்க?

— கோவிக்காத தாயி. ஏன் அங்கிட்டுத் திரும்புற? முதுகுலயா வாய் இருக்கு?

— இதை உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லண்ணே.

— திரும்பிச் சொல்லு. ஒரு எளவும் தெரியல. அந்தா மேஸ்திரி வேற நம்மளையே பாத்துக்கிட்டு வாராரு. எதுக்குன்னாவது சொல்லு.

— காலையிலயே அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுக்கு வெளிய நீங்க ஒத்தையிலயாவது உசுரோட இருங்க.