பளபளக்கிற பக்கத்தில் சந்தனம்

“ஹலோ... அக்கா, நான் காமு. மாமா கிளம்பிட்டாரா?... வாசல்லதான் நிக்கறாரா? ஓடிப்போய் அந்தப் பத்திரிகைப் பையை வாங்கி உள்ள வை. யாருக்கும் கொடுக்க வேண்டாம்... என் கல்யாணப் பத்திரிகைதான், வேற எது?... முதல்ல வாங்கி வைக்கா, அப்புறம் சொல்றேன்.”

சேலையூரில் அக்கா ரிசீவரை மேஜை மேல் போட்ட சத்தம் கேட்டது. செம்பாக்கத்து எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் காமுவுக்கு வேர்த்துக் கொட்டியது. ரிசீவரில் யாரோ போட்ட வெற்றிலையின் வாடை. கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தாள்.

“வாங்கிட்டியா?... அப்பாடா... இல்லக்கா, மாப்பிள்ளையோட கார்ல, அவங்கம்மாவும் நானுமா கோயிலுக்குப் போயாச்சு. மாடம்பாக்கத்துல சாமிகிட்ட பத்திரிகை வெச்சு எடுத்தாச்சு. திரும்பி வர்ற வழியிலதான்... சொல்றேன், இரு.

“அவருக்கு சிங்கப்பூர்ல இருந்து ஒரு பிளேயர் வந்துச்சுன்னேன்ல?... ஆமா, சி.டி. போடறது. அதுல இருந்து ஒரு வயர், வயர் நுனியில கேசட் மாதிரி ஒண்ணு. அதைக் கார் டேப்புக்குள்ள சொருகினா பாட்டு கார் ஸ்பீக்கர்ல வரும்... நல்லாத்தான் இருக்கும். ஆனா பள்ளத்துல வண்டி எகிறினா பாட்டும் எகிறும். அதனால வழி முழுக்க நான் அதை உள்ளங்கையில ஏந்திட்டு வரணும். மடியில வெக்கக்கூடாதாம்... சிரிக்காத. நம்ம ரோடு உனக்குத் தெரியாதா?

“திரும்பும்போது வேற சி.டி. போட்டார். பாட்டே வரல, கரகரன்னு ஒரு சத்தம். வெளிய எடுத்துப் பார்த்தா, பளபளக்கிற பக்கத்துல சந்தனம், குங்குமம்... ஆமா, நேத்து ஆயுத பூஜைல்ல. அவங்கம்மா வண்டிக்கு, கிரைண்டருக்கு, மோட்டாருக்கு எல்லாம் வெச்சப்போ இதுக்கும் வெச்சிருக்காங்க. எழுதியிருக்கிறது முதுகு, பளபளக்கிறதுதான் முகம்னு நினைச்சுட்டாங்க பாவம்... எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு.

“அவர் அதை நக்கினார்க்கா... நக்கினார். நாக்கால... காஞ்சு போயிருந்துச்சுல்ல, அதனால. அப்புறம் பேன்ட்டுத் தொடையில தேச்சார். அந்த எச்சிலோட என்கிட்ட நீட்டி, ‘ஊது’ன்னார்... ஐயே, சொல்லும்போதே குமட்டுது... இல்ல, அதுக்கில்ல. அதுக்குப் போய் யாராவது கல்யாணத்தை நிறுத்துவாங்களா? முழுசாக் கேளு.”

கூண்டுக்கு வெளியே பூத்துக்காரர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே இருந்தார். காமு குரலைத் தாழ்த்தினாள்.

“அவங்கம்மா பின் சீட்டுல இருந்தாங்க. ‘இன்னாமே, அறிவு கீதா உனுக்கு? மாட்டு மூஞ்சிக்கு வைக்கிறா மாரி வெச்சிகிறே’ன்னு ஆரம்பிச்சார்... ஆமா, அம்மாவைத்தான் ‘மே’ன்னார். அவங்க, ‘சாமிக்கு வெச்சது நைனா, நல்லதுக்குத்தானே’ன்னாங்க. வண்டியை ஓரங்கட்டிட்டார். ‘எறங்கு, பஸ்ல வா’ன்னுட்டார்... நடு ரோட்டுலக்கா. இந்த வெயில்ல. கோயிலுக்குப் போறோம்னு செருப்பைக் கூட வீட்டுலயே விட்டுட்டு வந்தவங்க... சண்டையா? அதெல்லாம் இல்ல. கதவைத் திறந்து இறங்கிட்டாங்க. பழக்கம் போல.

“உடனே என் பக்கம் திரும்பிச் சிரிக்கறார். ‘பயந்துட்டியா? உன்னப் போயி சொல்வனா’ன்னு. அந்தக் கருவியைத் திரும்ப என் உள்ளங்கையில வெச்சு, வால்யூமைக் கூட்டறார்... அந்தச் சிரிப்புதான்க்கா. எச்சிலை விட அதுதான் அருவருப்பா இருந்துச்சு. அதை சீட்டுல வெச்சிட்டு நானும் இறங்கிட்டேன்... ம், அவங்களும் என்கூடத்தான் இருக்காங்க. டீக்கடை நிழல்ல உட்கார வெச்சிருக்கேன்... யாரு, மாமாவா? குடு.”

மாமாவிடம் இத்தனை நாளில் அவள் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“சொல்லுங்க மாமா... ம்... ம்... ஆமா, ஒரு சி.டி.க்காகத்தான்... தெரியும் மாமா. மேடவாக்கத்துல நல்ல குடும்பம், ஒரே பையன், நீங்க அலைஞ்சு பார்த்த இடம், எல்லாம் தெரியும்... கோபக்காரர்னு சொல்றீங்க. அம்மாவை இறக்கிவிட்ட வாயோடயே என்கிட்டக் கொஞ்சறாரே, அது என்ன கோபம் மாமா?... இல்ல, அழல... ஒரு நிமிஷம் இருங்க.

“வண்டியை ரிவர்ஸ்ல கொண்டாந்து டீக்கடைகிட்ட நிறுத்தறார்... இல்ல, இறங்கல. ஹாரன்தான் அடிக்கறார்... உங்களுக்கே கேக்குதா?... அவங்கம்மா எழுந்துட்டாங்க... ஐயோ, ஓடறாங்க மாமா. தார் ரோட்டுல வெறுங்காலோட... ஏறிட்டாங்க. பின் சீட்டுலதான்.”

மாமா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். காமு மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கை, சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று ஆடியது. மகன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஆடியது.

“என்ன மாமா சொன்னீங்க?... ஆமா. அவங்களே போயிட்டாங்க, எனக்கென்ன வந்துச்சு, அதானே கேக்கறீங்க?... அவங்க ஓடினதைப் பார்த்தேன் மாமா. அதனாலதான் நான் போகல... பஸ்ல வரேன். வெச்சிடறேன்.”