ஒரு போனுக்கான சார்ஜ்

திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் மீன்பிடிக்கிறவர்கள் இரண்டு பேர். அடையாறு சிக்னலில் டிரைவர் எஞ்சினை அணைத்ததும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“ஒரு போன் பண்ற அளவுக்குத்தான் சார்ஜ் இருந்துச்சு. சாப்டியான்னு கேட்டேன்.”

பக்கத்தில் இருந்தவர் அவரை முறைத்தார். “கடல்ல எஞ்சின் படுத்துக்கினு கீது. யாரை சாப்டியான்னு கேட்ட?”

“எம் பொண்டாட்டியத்தான். கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயி மூணு மாசம் ஆச்சே மச்சி. பாய்மரம் கீது, காத்தும் கீது, எப்படியும் கரைக்கு வந்துடலாம்னு நெனச்சேன்.”

“அப்பால?”

“காத்து நின்னுபோச்சு.”

“சரி, அவ இன்னா சொன்னா?”

“சாப்டேன்னா. அப்புறம், ‘இன்னா, அலை சத்தம் கேக்குது, எஞ்சின் சத்தமே கேக்கல?’ன்னா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள போன் ஆஃப் ஆயிடுச்சு.”

“அப்போ உன்ன யாருதான் இட்டாந்தாங்க?”

“அவதான் நம்ம குப்பத்துக்கு போன் பண்ணி, எனக்கு ஒரு போட் அனுப்பச் சொல்லிக்கீறா.”

நண்பர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். “அப்போ அவ வூட்டுக்கு வந்துட்டான்னு சொல்லு!”

பஸ் கிளம்பியது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“போட்தான் வந்துச்சு.”