நேற்றைய ருசி

டீ நன்றாகத்தான் இருக்கிறது. பால் நேற்றையது, தூளும் கொதி தாண்டிவிட்டது, சர்க்கரையை அள்ளிப் போட்டு இரண்டையும் மறைத்திருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. மறைப்பதும் ஒரு வேலைதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பார்க்கிற வேலை அது.

நான் எசென்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். பிஸ்கட், மிட்டாய், குளிர்பானம் தயாரிக்கிறவர்களுக்கு ருசியும் வாசனையும் கலந்து கொடுக்கிற இடம். அன்னாசி வேண்டுமென்றால், அன்னாசியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கொண்டுவந்துவிடுவேன். அங்கே எனக்கு நாக்கு என்றுதான் பெயர். மேனேஜரே "அந்த நாக்கைக் கூப்பிடுங்க" என்பார். முதல் நாள் சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்காகத்தான் வந்திருக்கிறேன். தான் குடிக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்துவந்தார். குடித்திருக்கிறார் என்று உங்கள் ரத்தப் பரிசோதனை சொல்கிறது. வெளியே பெஞ்சில் இருந்த காவலர், குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யில்லை, பரிசோதனை சொல்வதும் பொய்யில்லை.

எங்கள் வீட்டில் மாலையில் ஒரு பானம் கலப்போம். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு, நாங்கள் சிவப்பு என்போம். கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். விஸ்கி, சிவப்பாக இருக்கும் ஒரு கசப்பு மது, மூலிகை ஊறிய இனிப்பு வைன். விஸ்கி கொஞ்சம் தூக்கல், மற்ற இரண்டும் சரிக்குச் சரி. பெரிய ஐஸ் கட்டியாகப் போட்டு நீளக் கரண்டியால் நிதானமாகக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது, கலங்கிப்போகும். வடித்து ஊற்றி, ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கிப் பிழிந்துவிட்டால் முடிந்தது. முதலில் இனிக்கும், நடுவில் சுடும், கடைசியில் கசப்பு அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கற்றுக்கொடுத்தார் என்றேனே தவிர, ஒரே வாரத்தில் அவரைவிட நன்றாகக் கலந்தவள் நான். அதை அவரும் ஒப்புக்கொள்வார்.

ஒன்று இரண்டானது, இரண்டு பாட்டிலானது. அந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. அவருக்கு நடுங்கியது. வலது கண் லென்ஸை இடது கண்ணுக்குப் போட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் படிக்கட்டில் உருள வைத்தார். வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் பேசிச் சமாதானம் செய்தது நான். கடை பூட்டிக் கிடந்தால் காய்ச்சல் என்று சொன்னது நான். வாசலில் விழுந்தவரைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, வாயைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தது நான். ஒருத்தரை மல்லாக்கப் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மாமியார் சாகிற சமயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா அவன் இல்லம்மா" என்றார். அதை நான் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. உத்தியோகம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த உத்தியோகத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை.

பிறகு ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் குடியை விட்டுவிட்டார். விட்டேன் என்று பலமுறை சொன்னவர்தான், இந்த முறை உண்மையாகவே விட்டார். ஆனால் மாலையானால் கை சும்மா இருக்காது, விரல்கள் மேசையைத் தடவிக்கொண்டே இருக்கும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் கைக்கு ஒரு கிளாஸ் வேணும்மா. உள்ள சாராயம் இல்லாம இருந்தா சரி" என்றார்.

செய்தேன். அதுவரை நான் செய்ததிலேயே சிறந்த வேலை அது. விஸ்கிக்குப் பதில் கெட்டியான தேயிலைச் சாறு, கருக்கிய சர்க்கரை, மரப்பீப்பாய் வாசனைக்குக் கம்பெனியில் இருந்து கொண்டுவந்த எசென்ஸ். தொண்டையில் சுடுவதற்கு மிளகு. இனிப்பு வைனுக்குப் பதில் மூலிகை போட்டுச் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறு. கசப்புக்கு ஆரஞ்சுத் தோலையே வேகவைத்தேன். முதல் வாயிலேயே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது போதும்மா எனக்கு. உயிர் இருக்கற வரைக்கும் இது போதும்" என்றார்.

அவர் திருந்தியது எனக்குச் சந்தோஷமா என்று கேட்பீர்கள். முதல் சில மாதம் சந்தோஷம்தான். அப்புறம் பார்த்தேன், எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டுவிடுகிறார். தன் சாவியைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறார். தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்கிறார். "ஏம்மா கதவ இவ்ளோ சத்தமா சாத்தற?" என்று ஒரு நாள் கேட்டார். இருபது வருடமாக அதே கதவு, அதே சத்தம், அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது அவரைப் பாராட்டினார்கள். என்ன மன உறுதி, என்ன வைராக்கியம் என்றார்கள். என்னிடம், நீங்க குடுத்து வச்சவங்க என்றார்கள். நான் கொடுத்து வைத்தவளாம்.

எங்களுக்கு ஒரே மகள். முப்பது நெருங்கியும் வீட்டில் பாப்பாதான். அவளும் கண்ணாடித் தொழில்தான், வேறு ஊரில் கடை வைத்திருந்தாள். வருடக்கணக்காக எனக்கு மட்டும்தான் போன் செய்வாள், அவர் குரல் கேட்டாலே வைத்துவிடுவாள். அந்தப் பெண் இப்போது அவரைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினாள். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, தொழில் பேச்சு" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க நான் எந்த எசென்ஸும் சேர்க்கப்போவதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கின் ருசியை மாற்ற வேண்டும், வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்றால், ஒரேயடியாக மாற்ற மாட்டோம். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு துளி பழையதைக் குறைத்து ஒரு துளி புதியதைச் சேர்ப்போம். புதுக் கலவையை அதற்கு முந்தைய கலவையோடு மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம், முதல் கலவையின் பக்கமே போக மாட்டோம். நாக்குக்கு நேற்று மட்டும்தான் ஞாபகம் இருக்கும், முந்தாநாள் இருக்காது. இப்படி ஒரு பிஸ்கட்டின் ருசியை நான் முழுசாக மாற்றியிருக்கிறேன். ஒரு குழந்தைகூட இது வேறே என்று அழவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவருடைய கிளாஸில் தேயிலைச் சாறு ஒரு கரண்டி குறைந்தது, விஸ்கி ஒரு கரண்டி ஏறியது. விஸ்கி ஏற ஏற மிளகைக் குறைத்தேன், சுடுவதை அதுவே பார்த்துக்கொண்டது. மழை விட்டபோது பாதிக்குப் பாதி இருந்தது, அதன் பிறகும் ஏற்றிக்கொண்டேதான் போனேன். ருசியில் மடிப்புத் தெரியாமல் செய்திருந்தேன். அவர் நன்றாகத் தூங்கினார். "உன் கை ராசிம்மா" என்றார். சாவியை மறுபடி தொலைக்க ஆரம்பித்தார், நான் தேடிக் கொடுத்தேன். கதவுச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வீடு வீடாக இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பயிருக்குத் தண்ணீர் ஊற்றியதும் அந்த வேலிதான் என்பதை யாரும் எழுதுவதில்லை.

போன வாரம் பாப்பா காரில் வந்தாள். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவ என்கூட கூட்டிட்டுப் போறேன். கடைல லென்ஸ் வேலைக்கு நல்ல ஆளே இல்ல. மாடி ரூம எல்லாம் ஒழிச்சு வச்சிட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"இனிமே அங்கதாம்மா. அவருக்கும் சரின்னு பட்டுடுச்சு."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் வேலை இருக்கே. லீவு கெடச்சா வா. இவ்ளோ வருஷம் நீ பட்டது போதும்மா. இனிமேயாவது கொஞ்சம் ரெஸ்ட் எடு."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அதற்குள் பெட்டியைக் கட்டி முடித்திருந்தார், சட்டைகளை அவரே மடித்திருந்தார். மாலை கிளம்புவதாகத் திட்டம். "போறதுக்கு முன்னாடி உன் கையால ஒரு சிவப்பு குடுத்துடும்மா" என்றார்.

கொடுத்தேன். அன்றைக்குத் தேயிலைச் சாறு ஒரு சொட்டும் கிடையாது, மிளகு கிடையாது. விஸ்கி, கசப்பு மது, இனிப்பு வைன், கல்யாணமான புதிதில் கலந்த அதே அளவு. உயரமான கிளாஸில் கொடுத்தேன். காலியானதும் இன்னொன்று கொடுத்தேன். என் கணக்கு சுலபமானது. அவள் மோப்பம் பிடிப்பாள். அவர் நாக்குக் குழறுவதைக் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முகம் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கிவிடும். ஒரு வார்த்தை பேசாமல் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் அழுவார், நான் தேற்றுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் என் வேலையின் தரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். சாராயம் இல்லாத சிவப்பையே விஸ்கி வாசனை வரும்படித்தானே செய்திருந்தேன். அவர் திருந்திய பிறகு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவள் அதை முகர்ந்து பார்த்திருக்கிறாள், ஆச்சரியப்பட்டிருக்கிறாள். அசலை அவள் வாழ்நாளில் நாக்கில் வைத்ததில்லை, அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் எப்படி வைப்பாள்? அவரிடமிருந்து கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சுடுதே. அசல் மாதிரியே செய்யறம்மா நீ. பாட்டில்ல அடைச்சு வித்தா என் கடைய மூடிட்டு இதுக்கு வந்துடுவேன்" என்றாள். அவர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. "ஊருக்குப் போற சந்தோஷத்தப் பாரு" என்று கேலி செய்தாள்.

சின்ன வயதில் அவள் கார் சாவியைப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டு போவாள். அவர் ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டேன் என்று தெருவிலேயே நின்று அழுதிருக்கிறாள். பெரியவளான பிறகும் ஏறியதில்லை. அன்றைக்கு வாசலில், தன் காரின் சாவியை அவரிடம் நீட்டி, "நீங்களே ஓட்டுங்கப்பா" என்றாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எந்த வார்த்தையை? சொன்ன நிமிடத்தோடு இரண்டு பேரும் எனக்கு இல்லாமல் போயிருப்பார்கள். அவர் அதைவிட அதிகம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்தவர். எத்தனையோ தடவை வந்திருக்கிறார். பாப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டாள், கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். உள்ளே வந்து கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பாலத்துச் சுவரில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். அவருக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும்தான். பிணவறையில் இவள் என் மகள்தான் என்று அடையாளம் சொன்னவள் நான். எனக்கு அழத் தெரியாது என்று நினைக்காதீர்கள், அழுதேன். பத்து மாதம் சுமந்தவள் அழாமல் இருப்பேனா? ஆனால் அது விபத்து. அந்த வளைவில் எத்தனை வண்டி மோதியிருக்கிறது என்று நீங்களே விசாரியுங்கள். என் காரியம் கிளாஸோடு முடிந்துவிட்டது.

இதைச் சொல்லாமலும் இருந்திருப்பேன். நேற்றுவரை அவர் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார், அதுவரை எனக்குக் கவலையில்லை. இன்று காலையில் பேச்சை மாற்றிவிட்டாராம். தனக்கே தெரியாமல் தான்தான் குடித்திருக்க வேண்டும் என்கிறாராம். என் மனைவி முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை, ஜாமீன் வேண்டாம், வீடு வேண்டாம், இங்கேயே கிடந்து சாகிறேன் என்கிறாராம். பார்க்கப் போனேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இது அநியாயம். செய்யாத தப்புக்கு அவர் என்னிடம் வெட்கப்பட்டு ஒதுங்கினால் நான் எதற்காக இவ்வளவும் செய்தேன்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவர் அறிந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கரண்டி கரண்டியாக விஸ்கியை ஏற்றியது நான். அன்று மாலை முழு விஸ்கியாகக் கலந்து இரண்டு கிளாஸ் கொடுத்தது நான். தெரிந்தே சாவியை வாங்க விட்டதும் நான். கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன், அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மனசு லேசாகி என் பக்கம் திரும்பிவிடுவார். தோளில் கட்டு வேறு இருக்கிறது, சட்டை மாட்டக்கூட ஆள் வேண்டும். இருட்டுவதற்குள் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறேன். பாப்பாவும் இல்லை, இனி அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?