கர்ஜலிக்காரரின் வீடு

"1987, குளிர்காலம், மவுண்ட் ரோஸ்கில் பஸ்" என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. தேதி இல்லை. தேதிக்காகப் பிறரோடு சண்டை பிடிக்கும் நான் அதை எழுத மறந்தது, முன் இருக்கையில் இந்த நாட்டுக்குக் குடிவந்த ஒரு யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான்.

"பல்கேரியாவில கர்ஜலி மாகாணம் முழுக்க எனக்கு இப்ப பாடம்," என்றார் கணவர். "அர்தா ஆறு, ரொடோப்பி மலை, மொம்சில்கிராட், க்ருமோவ்கிராட் நகரசபையள். நாங்கள் பாத்த வீட்டின்ர சொந்தக்காரர் அந்த ஊர் எண்டபடியா லைப்ரரியில போய்ப் படிச்சனான். அங்கையும் எங்களைப்போலப் புகையிலைத் தோட்டம்தான் எண்டு சொல்ல, மனுசன் கட்டிப்பிடிச்சிட்டார்."

"அப்ப வீடு?"

"வாடகைக்குத் தருவியளோ எண்டு கேட்டன். சிரிச்சுக்கொண்டு தலையை அங்கால இங்கால ஆட்டினார். இல்லை எண்டுறதையும் எவ்வளவு மரியாதையாச் சொல்லுறார்!"

"ஐயோ, இஞ்சருங்கோ! அந்த ஆக்களுக்கு அதுதான் ஓம், சம்மதம் எண்டுறது. தையல் பக்டரியில என்னோட வேலை செய்யிற பல்கேரியப் பெட்டையும் அப்பிடித்தான் ஆட்டுறவள். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பரவாயில்லை எண்டு மேலயும் கீழயுமாத் தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."

"அது அவருக்கு வேண்டாம் எண்டு! ஆறும் மலையும் படிச்சியள், சனத்தைப் படிக்கேல்லையே. இப்ப இருக்கிற வீட்டை விட்டு வெள்ளிக்கிழமை எழும்பவேணும், தெரியும்தானே?"

மனைவி மணிக்கயிற்றை இழுத்தார். இருவரும் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். நான் அப்போதும், அர்தா எந்த ஆற்றில் கலக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மரிட்சாவில் கலக்கிறது, மறுநாளே சரிபார்த்துவிட்டேன். வீடு கிடைத்ததா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.