உள்பக்கக் கண்ணாடி

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கல்லூரிப் பையோடு ஒரு பையனும் பெண்ணும். பையன் திடீரென்று சொன்னான்:

“அந்தக் கண்ணாடியை நான் துடைக்க மாட்டேன். சார்கிட்ட சொல்லிடு.”

“அதோட உள்பக்கம் பதிஞ்ச கைரேகையில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஆவியாகிக்கிட்டே இருக்குடா. பம்ப் எவ்ளோ ஓடினாலும் வேக்குவம் நிக்கல. அப்புறம் ஃபியூஷன் எங்க வரும்?”

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: காற்றை உறிஞ்சிவிட்ட ஒரு ஸ்டீல் பாத்திரம், உள்ளே பார்க்க அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், நடுவில் மின்சாரம் ஏற்றிய கம்பிக்கூண்டு, அதற்குள் அணுக்களை மோதவிட்டு ஒன்றுசேர்க்கப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெண் தொடர்ந்தாள்: “க்ளவுஸ் இல்லாம எதையும் தொடாதேன்னு அவகிட்ட எத்தனை தடவை சொன்னோம்?”

“கூண்டு சாஞ்சிருந்தது. க்ளவுஸ் போட்டா கை நுழையல. கழட்டிட்டு, கட்டைவிரலைக் கண்ணாடியில ஊனி நிமிர்த்தினா. இன்னிக்கும் கூண்டு நேராத்தான் நிக்குது.”

மந்தைவெளியில் கூட்டம் ஏறியது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நிவேதா செத்துப் போயிட்டாடா. துடைக்காம வச்சிருந்தா திரும்பி வந்துடுவாளா?”

அவன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

“சரி, அதைக் கழட்டி நீயே வச்சுக்கோ. வேற கண்ணாடி மாட்டிக்கலாம்.”

“கழட்டிப் பாத்தேன். வெளிய ஒண்ணுமே தெரியல. உள்ள மாட்டி, கூண்டுக்குக் கரண்ட் ஏத்தி, அந்த ஊதா வெளிச்சம் வந்தாதான் அவ விரல் தெரியுது.”

லஸ் வந்தது. இறங்குவதற்காக எழுந்த அந்தப் பெண், மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.