வானம் தெளிவாக இருக்கிறது

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குச் சூடாக வந்துவிட்டால், படப்பிடிப்பில் வர வேண்டிய சண்டைகளில் பாதி வராது. டெஹ்ரானில் முப்பத்தொரு வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து நான் கற்றதில் முக்கியமானது இதுதான். மீதியெல்லாம் பொறுமை.

நடிகை தெலாராவின் தங்கை நெகின் ஹாம்பர்க்கிலிருந்து எனக்கு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். "அன்னிக்கு மத்தியானம் அக்கா உங்களுக்கு போன் பண்ணி என்ன கேட்டா?" மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. ஒரு வரியில் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வாள். அதனால் முதலிலிருந்து இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் படங்களில் ஒரு பெண் தன் சொந்தப் படுக்கையில்கூட முக்காட்டோடுதான் தூங்க வேண்டும். நான் எத்தனையோ பெண்களை அப்படித் தூங்க வைத்திருக்கிறேன். சிறையிலிருந்து திரும்பும் மகனைத் தாய் கட்டிப்பிடிக்கக் கூடாது. நடிப்பவர்கள் உண்மையில் தாயும் மகனும் இல்லையே. அதனால் மகன் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்புவேன். தாய் அந்தப் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுவாள். தணிக்கை அறையில் ஒருவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தடையிலும் எங்கோ ஒரு கதவு உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

படப்பிடிப்பு நடக்கும்போது என் தொலைபேசி ஓயாது. ஷாபூர் ஆகா, வண்டி வரலை. ஷாபூர் ஆகா, கரண்ட் போயிடுச்சு. 'ஆகா' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'. படம் முடிந்த மறுநாள் அது அடிப்பதில்லை. டெஹ்ரானின் நார்மக் பகுதியில் என் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்றின் கதவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று எனக்கு எப்போதும் ஒரு குழப்பம். கல்யாணம் செய்துகொள்ள நேரம் இருந்ததில்லை. அப்படித்தான் சொல்லிவந்தேன்.

இரண்டு வருடம் முன்பு நௌசர் என்ற இளம் இயக்குநர் என்னைத் தேடி வந்தான். அவன் படத்தில் ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் தலைமுடியை அவிழ்த்துக் கழுவுகிறாள். அந்தக் காட்சிக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே படத்துக்கே அனுமதி கிடைக்காது.

"திருட்டுத்தனமாத்தான் எடுக்கணும், ஷாபூர் ஆகா. உங்களால முடியும்னாங்க," என்றான்.

முடிந்தது. காஷானில் பன்னீர் காய்ச்சுபவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் என்று அனுமதி வாங்கினேன். தெருவுக்குச் சந்தேகம் வராமலிருக்க, தினமும் காலையில் முற்றத்தில் நிஜமாகவே ரோஜாப்பூவை அண்டாவில் போட்டுக் காய்ச்ச வைத்தேன். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். முற்றமுள்ள அந்தப் பழைய வீட்டின் சொந்தக்காரர் யதொல்லா ஹாஜி, குடும்பஸ்தருக்குத்தான் வீடு கொடுப்பார். கதாநாயகி அங்கேயே நாற்பது நாள் தங்க வேண்டும்.

அந்தக் கதாநாயகிதான் தெலாரா. முப்பத்தொன்பது வயது, விவாகரத்தானவள், ரஷ்த் ஊர்க்காரி. சிரித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

நானும் அவளும் பெயருக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

"மூணு மாசத்துக்குத் தற்காலிக நிக்காஹ் போதாதா?" என்று நௌசர் கேட்டான்.

"ஹாஜிக்கு அடையாளப் புத்தகத்துல முத்திரை வேணும். தற்காலிகக் காகிதத்தைக் காட்டினா வாசல்லயே சிரிச்சு அனுப்பிடுவார்," என்றேன். அது பொய்யில்லை.

மணப்பெண்ணுக்கு மஹராக என்ன தர வேண்டும் என்று பதிவாளர் கேட்டபோது தெலாரா, "ஒரு கண்ணாடி, ஒரு கிலோ உப்பு போட்ட பிஸ்தா. ஆனா பிஸ்தா வாய் திறந்ததா இருக்கணும். மூடினதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள். பதிவாளர்கூடச் சிரித்தார்.

காஷானில் அந்த நாற்பது நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கணவன் மனைவியை 'நீங்க' என்றால் தெரு காது கொடுக்கும் என்று சொல்லி, நான் அவளை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் ஹாஜியின் எதிரில் என்னை 'ஷாபூர்' என்று வெறும் பெயரால் அழைத்தாள். மாலையில் இருவரும் ரொட்டி வாங்கப் போவோம். ஒருநாள் ஹாஜி வாசலில் நின்று, "என்ன தெலாரா கானும், உங்க வீட்டுக்காரரு இப்படி இளைச்சிட்டாரு?" என்றார்.

"நான் என்ன பண்ண, ஹாஜி ஆகா? ஊருக்கெல்லாம் சோறு போடுவாரு, தனக்கு ஒரு முட்டை வேக வெச்சுக்கத் தெரியாது. இவரைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு," என்றாள்.

அவ்வளவுதான். ஹாஜிக்காகச் சொன்னது. ஆனால் நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றிருந்தேன். அவள் மாடி அறையில் படுப்பாள், உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். நான் கீழே. அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. ஒரு வீட்டில் இன்னொருவர் கதவு சாத்துகிறார் என்பதே பெரிய விஷயம்.

படம் நல்லபடியாக முடிந்தது. ஒருவரும் பிடிபடவில்லை. டெஹ்ரான் திரும்பியதும் அவள் என்னை மறுபடி 'ஷாபூர் ஆகா' என்றாள். நான் 'நீங்க'வுக்குத் திரும்பவில்லை. விவாகரத்துக் காகிதத்தை எப்போது முடிக்கலாம் என்று மூன்று முறை கேட்டாள். ரம்ஜான் போகட்டும் என்றேன். பிறகு, பதிவாளர் ஊரில் இல்லை என்றேன்.

குளிர்காலத்தில் படம் வெளிநாட்டு விழா ஒன்றுக்குத் தேர்வானது. நௌசரின் பாஸ்போர்ட்டை அதற்குள் அதிகாரிகள் பிடுங்கி வைத்திருந்தார்கள். தெலாராதான் போக வேண்டும். விழா முடிந்து நெகினிடம் போய்ச் சில நாள் இருக்கப் போவதாகச் சொன்னாள். அவள் 'சில நாள்' என்று சொன்ன விதத்தில் திரும்பி வருபவளின் அவசரம் இல்லை.

எங்கள் சட்டத்தில் மனைவி நாட்டை விட்டுப் போகக் கணவன் தடை போடலாம். ஒரே ஒரு படிவம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

விமான நிலையத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நேராகப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்களா போட்டீங்க?"

"ஆமா. உட்காரு, டீ போடுறேன்."

"ஏன்?"

"அங்க போய்ப் பேட்டி குடுப்பே. முக்காடு இல்லாம படம் வரும். இங்க இருக்கிற பதினெட்டு பேரும் மாட்டுவாங்க. அவங்களுக்கு நான் பொறுப்பு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். "அந்தப் பதினெட்டு பேரும்தான் என்னை வழியனுப்ப வந்தாங்க, ஷாபூர் ஆகா. நீங்க மட்டும் வரலை," என்றாள். பிறகு, "என்னை விவாகரத்து பண்ணுங்க. கால்ல விழணும்னா விழறேன்," என்றாள்.

"நோரூஸ் புத்தாண்டு முடியட்டும். பேசலாம்."

டீயைக் குடிக்காமல் போனாள். நான் அவளைத் திட்டவில்லை, தொடவில்லை. இதை நெகின் கவனிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து நௌசர் வந்து, தெலாரா மேற்கே போய்விட்டாள், மலை தாண்டித் துருக்கிக்குப் போகப் போகிறாள் என்றான். "ஒரு கையெழுத்து, ஆகா. உங்களுக்கு அதுல என்ன நஷ்டம்?" என்று கேட்டான். நான் அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். மறுநாளிலிருந்து தினமும் காலையில் எல்லைப் பக்கத்து வானிலையைப் பார்க்கத் தொடங்கினேன். அது தொழில் பழக்கம். மழையோ வெயிலோ, நான் சொன்னது தப்பியதில்லை என்று படப்பிடிப்புக் குழு முழுக்கத் தெரியும்.

நெகின் கேட்கும் அந்த மதியம் ஒரு செவ்வாய்க்கிழமை.

"நான் எல்லைப் பக்கம் கோய் நகரத்துல இருக்கேன்," என்றாள் தெலாரா.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் பஸ் ஏறி வந்து மனுஷி மாதிரி விமானத்துல போறேன்."

"நோரூஸுக்கு அப்புறம்னு சொன்னேனே."

 பிறகு அவள் படப்பிடிப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "சரி. வழிகாட்டி நாளைக்குப் போலாம், இல்லன்னா சனிக்கிழமைங்கிறான். அவனுக்கு எதுவானாலும் சரியாம். நான்தான் சொல்லணுமாம். வானம் எப்படி இருக்கு, ஷாபூர் ஆகா? உங்களுக்குத்தான் தெரியும்."

அன்று காலை நான் பார்த்திருந்தேன். புதன்கிழமை மதியத்திலிருந்து பனிப்புயல், வெள்ளி காலை வரை. சனிக்கிழமை வெயில்.

உண்மையைச் சொன்னால் அவள் சனிக்கிழமை வரை காத்திருந்து, வெயிலில் சுகமாக மலை தாண்டிவிடுவாள். புதன்கிழமை கிளம்பினால் முதல் மேட்டிலேயே புயல் பிடிக்கும், வழிகாட்டி பயந்து திரும்புவான், அவளும் திரும்புவாள். அப்படித்தான் நாளை வகுத்தேன். காட்சி நடக்கக் கூடாது என்றால், நடக்க முடியாத நாளில் அதை வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும்.

"நாளைக்கு வானம் தெளிவா இருக்கு," என்றேன்.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும்," என்றாள். நன்றிக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அதுதான். "உங்க மேல கோவம் இல்லை, ஷாபூர்," என்றும் சொன்னாள். 'ஆகா' இல்லாமல் சொன்னாள். எதிரில் ஹாஜி இல்லை.

அன்று மாலை நான் இரண்டாவது அறையைச் சுத்தம் செய்தேன். புது ரஜாய்ப் போர்வை, ஒரு ஹீட்டர், உள்பக்கத் தாழ்ப்பாள். நடந்து நொந்த கால்களுக்கு ஒரு பேசின்கூட வாங்கினேன். வியாழக்கிழமை சூப்பு வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் விடியலிலேயே கிளம்பிவிட்டார்களாம். புயல் வந்தபோது இரண்டாவது மேட்டையும் தாண்டியிருந்தார்கள். திரும்புவதற்கும் தூரம், போவதற்கும் தூரம். வழிகாட்டி மூன்று விரல்களை இழந்து தனியாக இறங்கி வந்தான். அவன்தான் அந்தப் போன் பேச்சைப் பற்றி நெகினுக்குச் சொல்லியிருக்கிறான். தெலாராவை ஆறாம் நாள் கண்டெடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பதிவின்போது பதிவாளர் நிபந்தனைகளை வாசித்தார். மனைவிக்கு வெளிநாடு போகும் உரிமையைக் கணவன் எழுதிக் கொடுக்க ஒரு வரி உண்டு. அந்த வரியைச் சேர்க்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். தெலாரா அப்போது வாசலில் நௌசரோடு பிஸ்தாவைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி, "வேண்டாம்," என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்துதான் சொன்னேன். வானிலையும் தெரிந்துதான் சொன்னேன்.

ரஷ்த்தில் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று நெகின் கெஞ்சினாள். உடலை வாங்கக் கையெழுத்து யாருடையது செல்லும் என்று அதிகாரிகள் பார்த்தார்கள். கணவனுடையதுதான். நான் டெஹ்ரானுக்குக் கொண்டுவந்தேன். கல்லில் அவள் பெயருக்குக் கீழே 'ஷாபூரின் அன்பு மனைவி' என்று வெட்டச் சொன்னேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

இங்கே கல்லறைகளை அடுக்காகவும் தருகிறார்கள். நான் இரண்டு அடுக்குள்ளது வாங்கினேன். கீழே அவள் இருக்கிறாள், மேலே எனக்கு. அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.