ரெண்டே ரெண்டு மாத்திரை

யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். ம்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது என்னோடு பட்டறையில் லேத் ஓட்டுகிறவனின் அத்தைக்கு நடந்தது. அத்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகிற சாலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் நடமாட்டம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் டாக்ஸி ஒன்று அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகமாகப் போகக் கூடாது... உள்ளே அறுத்துத் தைத்த நெஞ்சுகள் இரண்டு.

ஒன்று அத்தையின் புருஷன். லாரி ஓட்டுநர். யாருக்கும் வழி விட்டு வழக்கமில்லை, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அடிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் ‘ஹாரன்’. மற்றவர் அவருடைய பக்கத்துக் கட்டில்காரர், பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். வாயைத் திறந்தால் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை வருமே தவிரப் பேச்சு வராது. ஒரே வாரத்தில் இருவருக்கும் இதய ஆபரேஷன். முடிந்த மூன்றாம் நாள் இருவருக்கும் துடிப்பு தறிகெட்டு ஓடியது. அதைக் கட்டிப்போட ஒரு மாத்திரை. காலை ஆறு, மாலை ஆறு.

“ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. உங்க பக்கத்துக் கடைல கிடைக்காது, ஒரு மாசத்துக்கு இங்கயே வாங்கிக்குங்க” என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பாதி வழியில் பெயிண்டரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். வண்டி கிளம்பிய பிறகுதான் அத்தை கவனித்தாள்... சீட்டில் அவர்களுடைய மருந்துப் பை.

“என்னங்க, பை...”

ஹாரன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சும்மா இரு. கிடைக்காத மருந்து. நமக்கு ரெண்டு மாசம் ஓடும்.”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராத்திரி போன் வந்தது. “அக்கா, எங்க மருந்துப் பை உங்க சாமானோட வந்துருச்சா?” அத்தை ஹாரனைப் பார்த்தாள். அவர் கூடாதென்று தலையை ஆட்டினார். “இல்லம்மா” என்றாள்.

மறுநாள் பேய்மழை. பாலம் மூழ்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை துண்டாகிவிட்டது. மறுபடியும் போன்.

“அக்கா, இவருக்கு நெஞ்சு தாறுமாறா அடிக்குது. ரெண்டே ரெண்டு மாத்திரை குடுங்கக்கா. நானே நடந்து வந்து வாங்கிக்கிறேன். தண்ணி வடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுறேன்.”

ஹாரன் போனைப் பிடுங்கினார். “எனக்கே எண்ணித்தான் குடுத்திருக்காங்க. அவங்கவங்க உசிரு அவங்கவங்களுக்கு.” வைத்துவிட்டு, தட்டை இழுத்து நிதானமாகச் சாப்பிட்டார்.

விடிவதற்குள் பெயிண்டர் போய்விட்டார். அத்தை சாவு வீட்டுக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு மாதத்தில் ஹாரனின் மாத்திரை தீர்ந்தது. அந்தப் பையைத் திறந்தார்கள். சரியாக ஆறு மணி. முதல் மாத்திரையை விழுங்கியவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னடி இது... பெயிண்ட் நாத்தம்!”

அத்தைக்கும் அடித்தது. டர்பன்டைன். ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

அன்று ராத்திரி யாரோ தட்டுகிற சத்தம். டப்... டப்டப்... டப். அத்தை எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே ஒருவரும் இல்லை. சத்தம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. கட்டிலிலிருந்து. தூங்குகிற ஹாரனின் நெஞ்சிலிருந்து. அவருடைய கோணல் துடிப்புக்கு நடுநடுவே இன்னொரு துடிப்பு... நிதானமாக, அழுத்தமாக.

மறுநாள் ஆறு மணிக்கு, மாத்திரை தொண்டையில் இறங்கவும் போன் அடித்தது. பெயிண்டரின் மனைவி. குரலில் அழுகை இல்லை.

“அக்கா, அண்ணன் மாத்திரை போட்டுட்டாரா?”

“ஏம்மா?”

“இவர் கேக்கச் சொன்னார். நேத்துதான் கொஞ்சம் தூங்கினார்.”

அத்தை போனைக் கீழே வைத்தாள்.

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு. “இன்னைக்கு எழுந்து உக்காந்தார் அக்கா.” “இன்னைக்கு நாலு வாய் சாப்பிட்டார்.” இங்கே ஹாரன் வற்றிக்கொண்டே வந்தார். உதடு நீலம் பாய்ந்தது. ஒரு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் அத்தை மாத்திரை அட்டைகளை எல்லாம் குப்பையில் வீசினாள். அன்றைக்கு மத்தியானமே ஹாரனின் நெஞ்சு குதிரை மாதிரி ஓடத் தொடங்கியது. தவழ்ந்து போய், குப்பையைக் கிளறி, எடுத்து விழுங்கினார். போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு.

யாருக்கும் வழி விடாத மனுஷன் அன்று சின்னப் பிள்ளை போல அழுதார். “என்னை விட்டுடச் சொல்லுடி... அவன்கிட்ட சொல்லுடி!”

அத்தை சொன்னாள். போனில் உள்ளே போய்த் திரும்பி வருகிற காலடி கேட்டது. பிறகு பெயிண்டரின் மனைவி சொன்னாள்: “கேட்டேன் அக்கா. நான் ரெண்டே ரெண்டுதானே கேட்டேன்னு சொல்றார்.”

கடைசி அட்டையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தபோது ஹாரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். “துடிப்பு கடிகாரம் மாதிரி இருக்கு. எதுக்குப் பயப்படுறீங்க?”

அத்தை புருஷனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சில்லென்று இருந்தது. நாடி இல்லை. அவர் வாய் திறந்தபடி நின்றிருந்தது. மெஷினிலிருந்து காகிதம் மட்டும் வந்துகொண்டே இருந்தது... ஒரு கோடுகூடப் பிசகாமல்.

பத்து நாள் கழித்து அத்தை அந்தச் சாலையில் தனியாக நடந்தாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்... இல்லையென்றால் தூக்கம் வராது.

பெயிண்டரின் மனைவி கதவைத் திறந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

“வாங்கக்கா. நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னைக்குத்தான் வெளில நடக்கலாம்னு கிளம்புறார்.”

உள்ளே இருட்டு. இருட்டுக்குள் செருப்பு தேய்கிற சத்தம். ஒரு அடி... மூச்சு வாங்கல்... இன்னொரு அடி.

“மெதுவா வாங்க, அவசரமில்ல” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். “கொஞ்சம் கையைக் குடுங்கக்கா. படி இறங்கப் பிடிமானம் வேணும்.”

ஓடத்தான் நினைத்தாள் அத்தை. கை தானாக நீண்டது.

இருட்டிலிருந்து ஒரு கை வந்து அதைப் பற்றியது.

சூடாக இருந்தது.